‘ஆதி’ என்பது ரத்தப் பரிசோதனை அல்ல

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மாணவர்களோடு நடக்கும் வாசிப்புக் கூட்டங்களில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் கடைசியில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. “அக்கா, நம்மதான இந்த மண்ணுக்க பூர்வகுடி? டி.என்.ஏ. டெஸ்டுலயே வந்தாச்சுல்லா?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதற்கும் பின்னால் 2001-இல் மைக்கேல் பம்ஷாத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு மரபணு ஆய்வு. மேல்சாதிகளின் மரபணு ஐரோப்பியருக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது என்றது அந்த ஆய்வு. ‘பார்ப்பனர் அந்நியர், நாமே மூலநிவாசிகள், அறிவியலே நிரூபித்துவிட்டது’ என்று பாம்செஃப் மேடைகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. இந்த வாதத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ‘யார் மூத்தவர், யார் ரத்தம் பழையது’ என்று அளக்கும் விளையாட்டை நம்மை அடிமைப்படுத்தியவர்கள் உருவாக்கினார்கள். அதில் நாம் ஒரு சுற்று ஜெயித்தால்கூட அடுத்த சுற்றில் தோற்போம்.

எப்படி என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரை அருகே ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒருவரிடம் எம்130 என்ற மரபணுக் குறியைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக வந்து ஆஸ்திரேலியா வரை போன பழைய அலையின் அடையாளம் அது. பத்திரிகைகள் உடனே ‘இந்தியாவின் முதல் மனிதன்’ என்று எழுதின. அதன்பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஆதிப் பரம்பரை என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். நாம் பிடித்த அதே கயிறுதான், இன்னொரு கையில்.

அந்தக் குறி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். அது உங்கள் அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று ஒரே ஒரு கோட்டைக் காட்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் அந்தக் குறி பேசுகிறது. மற்ற 1,023 பேர் யார்? அம்மாவின் அம்மா, அப்பாவின் அம்மா எல்லாம் எங்கே? ஆண்வழிக் கோட்டை மட்டும் வைத்து ‘முதல் குடி’ பட்டம் கட்டுவது அறிவியலைவிட ஊர்க்கோயில் முதல் மரியாதைக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. அந்தக் குறி ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. வேறு பல சமூகங்களிலும் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. குமரிமுனையில் நின்று தெற்கே கையைக் காட்டி, ‘இங்கேதான் குமரிக்கண்டம், இங்கேதான் மனிதன் பிறந்தான்’ என்று சொல்லாத மேடைப் பேச்சாளர் குறைவு. தேவநேயப் பாவாணர் குமரிக்கண்டமே மாந்தன் பிறந்தகம் என்று எழுதினார். 1981-இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் அரசுச் செலவில் எடுத்த குமரிக்கண்டப் படமே திரையிடப்பட்டது. இதில் கலந்திருக்கும் லெமூரியா என்ற பெயர் சங்க இலக்கியத்திலிருந்து வந்ததில்லை. மடகாஸ்கரில் லெமூர் என்றொரு விலங்கு இருக்கிறது. அதன் உறவுக்கார விலங்குகள் இந்தியப் பக்கமும் இருப்பது எப்படி என்று விளக்க, 1864-இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேயர் கடலுக்குள் ஒரு நிலத்தைக் கற்பனை செய்து, விலங்கின் பெயரையே அதற்கு வைத்தார். ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் மனிதன் பிறந்த இடமும் அதுவாக இருக்கலாம் என்றார். கண்டத் தட்டுகள் நகர்வது தெரிந்தபிறகு இந்த நிலத்துக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

தமிழ்ப் பெருமைக்காக ஹெக்கலை எடுத்துக்கொண்டவர்கள் அவர் மனிதர்களைப் படிவரிசையில் அடுக்கியதைப் பற்றிப் பேசுவதில்லை. மேல்படியில் ஐரோப்பியர். கருத்த மக்கள் கீழே, குரங்குக்குப் பக்கத்தில். நமக்குக் கண்டம் கொடுத்தவர் நம்மை எந்தப் படியில் நிறுத்தினார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

குமரிக் கடல் ஒரு காலத்தில் இன்னும் தள்ளி இருந்தது என்பது உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அன்று வெளியே தெரிந்தது அகலமான ஒரு கரை. அதைக் கண்டம் என்று சொல்ல முடியாது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தவை. வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். நாம் எல்லோரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்.

ஹெக்கல் காகிதத்தில் போட்ட படிவரிசையை நம் ஊரில் இடுக்கியும் அளவுகோலும் கொண்டு போட்டவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து ஓர் எண் போடுவார்கள். அந்த எண் ஏற ஏறச் சாதியின் அந்தஸ்து இறங்கும் என்று 1901 சென்செஸின் ஆணையர் ரிஸ்லி அடித்துச் சொன்னார். தர்ஸ்டன் நம் மலைகளின் காணிக்காரர்களையும் விடவில்லை. காட்டில் இருப்பவர்கள், நாட்டில் பழகியவர்கள் என்று இரண்டாகப் பிரித்து உயரத்தையும் மூக்கையும் அளந்தார். திராவிடருக்கும் முந்தைய மனிதனின் மிச்சம் என்று மலைவாழ் மக்களை வகைப்படுத்தினார். உயிரோடு இருந்து, காட்டை அறிந்து, மருந்து அறிந்து வாழ்ந்துகொண்டிருந்த மனிதர்கள் காட்சிப் பெட்டியில் வைத்த எலும்பைப் போலப் பார்க்கப்பட்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை விஞ்ஞானிகளுக்குக் காட்டிக்கொடுத்தது அகத்தியமலைக் காணிகள்தான் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னோர் ‘கீழ்ப்படி மனிதன்’ தயாராகிக்கொண்டிருந்தான். 1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளுக்குரியவன். (திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்து அறிவிப்பு வந்தது 1855-இல். தோள்சீலைப் போராட்டத்துக்கு மன்னர் பணிந்த ஜூலையும் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளியான நவம்பரும் ஒரே 1859. சாதி ஒழிப்பின் பாடப்புத்தகத்தையும் அறிவியலின் பாடப்புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இப்படிச் சில தேதிகள் கண்ணில் படும்.) 1908-இல் பிரான்ஸின் லா ஷப்பெல்லில் ஒரு முதிய நியாண்டர்தாலின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. மார்செலின் பூல் அதைக் கூன் விழுந்த, முழங்கால் மடங்கிய, பாதி மிருகமாக வரைந்து காட்டினார். 1957-இல் மறுபடி பார்த்தபோதுதான் அந்த மனிதருக்கு மோசமான மூட்டுவாதம் இருந்தது தெரிந்தது. நோயாளியின் உடம்பை ஓர் இனத்தின் இயல்பாக்கிவிட்டார்கள். ஈராக்கின் ஷானிடர் குகையில் கிடைத்த இன்னொரு நியாண்டர்தாலுக்கு ஒரு கை சூம்பியிருந்தது, முகத்தில் பலத்த அடி, ஒரு கண் பார்வை போயிருக்கலாம். அந்தக் காயங்களெல்லாம் ஆறி, அதன்பிறகும் அவர் பல வருடம் வாழ்ந்திருக்கிறார். யாரோ சோறு போட்டிருக்கிறார்கள், யாரோ காத்திருக்கிறார்கள்.

பாடப்புத்தகத்தில் குரங்கு தொடங்கி வரிசையாக நடந்து நிமிரும் அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1965-இல் ஓர் அமெரிக்கப் புத்தகத்துக்காக வரைந்தது. அந்தப் படத்தைக் காட்டி வகுப்பில் யாரை யாரோடு ஒப்பிட்டுச் சிரிப்பார்கள் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். கருத்த பையன், மலையிலிருந்து வந்த பிள்ளை. படமே தப்பு. பரிணாமம் ஒரே வரிசையில் நடக்கவில்லை. ஆற்றுமுகத்தில் ஓடைகள் பிரிந்தும் சேர்ந்தும் சில வற்றியும் போவதைப் போல நடந்திருக்கிறது. ஒரே நேரத்தில் பல மனித இனங்கள் பூமியில் இருந்தன.

அப்படியானால் இங்கே யார் இருந்தார்கள்? 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்தையும் கண்டார். அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் தோண்டி, மிகப் பழைய கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். 2018-இல், அதே இடத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே புதிய வகைக் கருவி நுட்பம் தொடங்கியிருந்தது என்று காட்டினார்கள். இதைப் படித்ததும் ‘15 லட்சம் ஆண்டுத் தமிழன்’ என்று போஸ்டர் போட்டவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் ஹோமோ சேப்பியன்ஸே பிறக்கவில்லை. அந்தக் கற்களைச் செதுக்கியது வேறு மனிதர்கள். அதிரம்பாக்கத்தில் அவர்களுடைய எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1982-இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் அருண் சோனாகியா கண்டெடுத்த மண்டையோட்டின் மேல்பகுதியை ஹோமோ எரெக்டஸ் என்றார்கள். அப்படியில்லை என்ற விவாதமும் இன்றுவரை ஓடுகிறது. ஆக, இந்த நிலத்தின் உண்மையான பூர்வகுடிக்கு இன்று வாரிசுச் சான்றிதழ் வாங்க யாரும் இல்லை. நாமும், அவர்களும், எல்லோரும் பிறகு வந்தவர்கள்.

ஆனால் மறைந்துபோன மனிதர்களோடு நமக்கு உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோருடைய மரபணுவிலும் 1 முதல் 2 சதவீதம் வரை நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. நியாண்டர்தால் மரபணுவைப் படித்துக்காட்டிய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் அவரும் ஹியூகோ ஸீபெர்கும் ஒன்றைக் கண்டார்கள். நோயைக் கடுமையாக்கும் ஒரு மரபணுத் துண்டு, சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது இருக்கிறது. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம். 2,762 இந்தியர்களின் முழு மரபணுவையும் படித்து 2025-இல் வெளியான ஆய்வும் நியாண்டர்தால், டெனிசோவன் இருவரின் சுவடும் நம்மிடையே பரவிக்கிடப்பதைக் காட்டியது. அக்ரஹாரத்திலும் சேரியிலும் மலைக்குடியிலும் அதே பழைய உறவினர் உட்கார்ந்திருக்கிறார்.

சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த சிறு எலும்புத் துண்டு ஒன்றைப் பற்றி 2018-இல் வந்த செய்தியை நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்வேன். சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, 13 வயதாவது ஆகியிருந்த ஒரு பெண்பிள்ளையின் எலும்பு. அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன். ஆய்வாளர்கள் அவளுக்கு டென்னி என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இரண்டு வேறு மனித இனங்களின் பிள்ளை பதின்மூன்று வயது வரை வளர்க்கப்பட்டிருக்கிறாள். உடுமலைப்பேட்டையில் சங்கர் 2016-இல் கொல்லப்பட்டதும், நம் பக்கத்து நெல்லையில் கவின் 2025-இல் கொல்லப்பட்டதும் ஒரே இனத்துக்குள், ஒரே மொழிக்குள், ஒரு சில நூறாண்டுகளாக ஒரே கிணற்று ஊற்றுநீரைக் குடித்த மனிதர்களுக்குள்.

இதை வைத்துப் பழங்காலத்தை அழகுபடுத்தவும் வேண்டாம். டென்னியின் பெற்றோருக்கிடையே நடந்தது காதலா, கடத்தலா என்று எலும்பு சொல்லாது. கலப்பு என்றாலே சமத்துவம் என்று ஆகிவிடாது. நம் பாட்டிமார்களை ஜமீன்களும் கரையாளர்களும் என்ன செய்தார்கள் என்று தெரிந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாதிக்கு வயது என்ன என்ற கேள்வியில்தான் மரபணு நமக்கு உண்மையில் உதவுகிறது. ஐதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் 2013-இல் ஒன்றைக் காட்டினார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவின் பல மக்கள்கூட்டங்கள் தாராளமாகக் கலந்திருக்கின்றன. அதன்பிறகு கலப்பு நிற்கிறது. அகமணம் என்ற வேலி போடப்படுகிறது. 3 லட்சம் ஆண்டு மனித வரலாற்றில் இந்த வேலிக்கு வயது 2,000. வேலிக்குள் இருந்தவர்களுக்கும் அது நல்லது செய்யவில்லை. ஆந்திரத்தின் வைசியர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் தரும் ஒரு தசைத்தளர்வு மருந்து ஒத்துக்கொள்ளாது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணந்ததால் தங்கிப்போன மரபணுக் குறை அது.

ஸ்டெப்பி புல்வெளியிலிருந்து மக்கள் வந்ததும் உண்மை. அந்த மரபு வட இந்தியப் பார்ப்பனர் போன்ற குழுக்களில் சராசரியாகக் கூடுதலாக இருப்பதும் உண்மை. 2019-இல் வந்த பெரிய ஆய்வு இதைச் சொல்கிறது. ‘யாரும் வெளியிலிருந்து வரவில்லை’ என்னும் இந்துத்துவ வாதத்துக்குப் பதில் சொல்ல அதைப் பயன்படுத்துங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அளவு கூடக்குறைய என்பதை ‘அவர்கள் வேறு ரத்தம், நாம் வேறு ரத்தம்’ என்று மாற்றினால் அது மனுவின் மொழிக்கு நம் கையாலேயே செய்த மொழிபெயர்ப்பாகிவிடும்.

அம்பேத்கர் இந்தப் பொறியைத் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டார். ‘சாதி ஒழிப்பு’ உரையிலேயே, 1936-இல், சாதியை இனப் பிரிவாகக் காட்டும் வாதத்தை அவர் மறுத்தார். சென்னை மாகாணத்துப் பார்ப்பனரும் பறையரும் ஒரே இனம் என்றார். 1948-இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில், ரிஸ்லி கூட்டத்தின் ஆயுதமான மூக்களவு எண்களையே எடுத்து, அவை காட்டுவதாகச் சொன்ன வேறுபாடு நிற்கவில்லை என்று அவர்கள் மேலேயே திருப்பினார். பூர்வகுடி என்ற பெருமை வாதம் கையருகே கிடந்தும் அவர் அதை எடுக்கவில்லை.

இன்னொரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்’ என்று படித்திருப்பீர்கள். அந்த வாசகத்தை முதலில் உருவாக்கியவர் டார்வின் இல்லை, ஹெர்பர்ட் ஸ்பென்சர். ஆங்கிலத்தில் அதன் பொருள் சூழலுக்குப் பொருந்துவது என்பதுதான். சட்டை ‘ஃபிட்’ ஆகிறது என்கிறோமே, அந்தப் பொருள். ‘தக்கன பிழைக்கும்’ என்று பழைய ஆசிரியர்கள் சொன்னது இதற்கு நெருக்கம். அது ‘தகுதி’ ஆனவுடன் இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவரின் ‘மெரிட்’டும் பரிணாம விதியும் ஒரே சொல்லாகிவிட்டன. நீட் விவாதத்தில் ‘இயற்கையே தகுதியைத்தான் தேர்ந்தெடுக்கிறது’ என்று ஒருவர் பேசியபோது எதிரில் இருந்த நம் மாணவி பதில் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பதில் இருக்கிறது. ஹோமோ எரெக்டஸ் ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுகள் இந்தப் பூமியில் இருந்தது. நாம் இன்னும் 3 லட்சத்தில் நிற்கிறோம். அழிந்துபோனவர்கள் எல்லாம் தேர்வில் தோற்றவர்கள் என்றால் நாம் இன்னும் ஹால் டிக்கெட்டே வாங்கவில்லை.

நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் சபை வட்டாரத்திலிருந்து வேறொரு எதிர்ப்பு வரும். ‘குரங்கிலிருந்து வந்தோமா? ஆதாம் ஏவாள் பிள்ளைகள் இல்லையா?’ இளைஞர்கள் இதைக் கிண்டல் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. மயிலாடியில் சாம்பவர் குடியில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம் 1806-இல் ரிங்கல்தௌபேயை அழைத்துவந்த நாளிலிருந்து, எல்லோரும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள் என்பது நம் பாட்டிகளுக்கு வெறும் படைப்புக் கதையாக இருந்ததில்லை. தலையிலிருந்து பிறந்தவன், காலிலிருந்து பிறந்தவன் என்ற கதைக்கு எதிராக அவர்கள் கையில் இருந்த ஒரே சமத்துவ வாதம் அது. பாட்டியோடு சண்டை வேண்டாம். சண்டை போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2018-இல் மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததில்லை, அதனால் டார்வின் தவறு என்றார். 2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமம் நீங்கியது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். நம் மாநிலப் பாடத்தில் அது இருக்கிறது. இருக்கும்வரை ஒழுங்காக நடத்தச் சொல்லிக் கேட்பது நம் வேலை.

‘அப்ப ஆதிதிராவிடர்னு ஏன் சொல்லுகோம்?’ என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அயோத்திதாசர் காலத்திலிருந்து பேசி, எழுதி, மனுக் கொடுத்து, எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922-இல் அரசு ஏற்ற பெயர் அது. இழிபெயரை மறுத்து நாமே நமக்கு இட்டுக்கொண்ட பெயர். அதில் உள்ள ‘ஆதி’ போராடி வாங்கியது, அது அப்படியே இருக்கட்டும். அதை நிரூபிக்க எச்சில் மாதிரி அனுப்பத் தேவையில்லை.

நிலம் கேட்கும் இடத்திலும் இதே கதைதான். 1892-இல் தொடங்கிய பஞ்சமி நிலத் திட்டம் சென்னை மாகாணத்துடையது. நாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் அந்தப் பட்டியலில் நம் ஊர்கள் இல்லை. இங்கே நிலவுரிமை பேச வேறு ஆவணங்களைத் தேட வேண்டியிருக்கிறது, தேட ஆள் குறைவு. மலையில் 2006-இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு காணிக் குடும்பம் உரிமை கேட்கும்போது சட்டம் அவர்களிடம் 60,000 ஆண்டுச் சான்று கேட்கவில்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்தக் காட்டில் குடியிருந்து, அதை நம்பி வாழ்ந்ததைக் காட்டச் சொல்கிறது. பழைய ரேஷன் அட்டை, வரி ரசீது, ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம், பாட்டன் நட்ட மரம், குலசாமிக் கல் ஆகியவை போதும். கிராமசபையில் படிவத்தை நிரப்பி, வரைபடம் போட்டு, பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொடுக்கப் பேச்சிப்பாறைப் பக்கக் குடியிருப்புகளில் ஆள் வேண்டியிருக்கிறது. கோடை விடுமுறையில் பத்து நாள் ஒதுக்க முடிகிறவர்கள் அடுத்த கூட்டத்தில் பெயர் கொடுங்கள். மலையாளம் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தால் நல்லது, பழைய காகிதங்கள் பல அதில்தான் இருக்கின்றன.